ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஒரு கோடி நட்சத்திரம்

தள்ளு, இன்னும் தள்ளு, ஆங், போயிருச்சு. நேத்து எண்ணெய் விட்டது வீண் போகல, இல்லேன்னா இந்தத் தகரம் நகருத சத்தத்துக்கு நாலு வீட்டு நாய் குரைச்சிருக்கும், எக்ஸ்ரேயக்கா கொட்டகையத் திறந்துட்டாவன்னு தெருவே தெரிஞ்சுக்கும். கொட்டகைன்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். ஆறடிக்கு ஆறடி, நாலு பக்கமும் செங்கல் செவரு, மேல தகரக் கூரை, அதுக்கு அடியில கேட்டுக்கு மாட்டுத இரும்புச் சக்கரம் நாலு. இசக்கி வெல்டிங் கடையில சொல்லிச் செஞ்சது. தள்ளினா கூரை அப்படியே வாழை மரத்துப் பக்கம் ஒதுங்கிரும், வானம் மொத்தமும் உள்ள வந்துரும். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு ஒருநாள் எட்டிப் பாத்துட்டு, "புதுசா பாத்ரூம் கட்டிட்டிருக்கியளா, இன்னும் கோப்பை பதிக்கலையா"ன்னு கேட்டாரு. அன்னைல இருந்து எங்க வீட்டுக்காரவியளுக்கு அது ஒரு விளையாட்டாப் போச்சு. யாராவது என்னைத் தேடி வந்தா, "சுகிர்தமா, பின்னால பாத்ரூம்ல இருக்கா, மூணு மணி நேரம் ஆகும்"னு சொல்லுதாவ. வந்தவங்க பாவம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையான்னு கேக்காங்க. சிரிங்க சிரிங்க. இன்னைக்கு ஒருநாள் சிரிங்க. மணி ஏழு நாப்பத்தாறு. மேற்கால கொஞ்சூண்டு வெளிச்சம் இருக்கு, இன்னும் அஞ்சு நிமிஷத்துல அதுவும் வடிஞ்சிரும்.

அவசரப்படாத. டெலஸ்கோப்பு மூடியை எடுத்தாச்சா, எடுத்தாச்சு. கேமரா பின்னால முறுக்கி மாட்டியாச்சு. மோட்டார் ஓடுது, காதை வச்சுப் பாத்தா கைக்கடிகாரம் மாதிரி மெல்லிசா ஒரு சத்தம், பூமி சுத்துத வேகத்துக்கு எதிர்ப்பக்கமா இதுவும் சுத்துது, அதனால நட்சத்திரம் அசையாம நிக்கும். தெக்க பாரு. ஞானசிகாமணி அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில இரும்புக் கம்பம் வரிசையா நிக்குது, மேல குறுக்குச் சட்டம். வெறும் எலும்புக்கூடு. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குத் தகரம் ஏத்துதாவ, மூணு பக்கம் அடைச்சு ஒரு ரூம்பு. சாப்பாடு அங்கதான்னு நேத்தே வந்து சொல்லிட்டாவ, மட்டனாம். தகரம் ஏறிட்டா எனக்குத் தெக்கு வானம் போச்சு. போச்சுன்னா ஒரேயடியா. அந்த அஞ்சடி இடைவெளிக்குள்ள, கிழக்கால கம்பத்துக்கும் மேற்கால கம்பத்துக்கும் நடுவுல, இன்னைக்கு ஏழு அம்பதுக்கு ஒண்ணு உள்ள வருது, எட்டு முப்பத்திரண்டுக்கு வெளிய போகுது. ஒமேகா செண்டாரி. ஒரு கோடி நட்சத்திரம் உருண்டு திரண்டு நிக்குத கொத்து. நாப்பத்திரண்டு நிமிஷம். காகிதத்துல போட்டு, கூட்டிக் கழிச்சு, போன வாரம் ரெண்டு நாள் நின்னு சரிபாத்து எழுதின கணக்கு. நேத்து மேகம். முந்தாநாளும் மேகம். குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சா இங்க எனக்குச் சனி ஆரம்பிக்கும். மூணு வருஷமா ஒவ்வொரு ஜூன் மாசமும் இதே பாடு, ஒண்ணு மேகம், இல்ல படம் ஆடிப்போய் வெள்ளைத் தீத்தலா விழும். இன்னைக்கு விட்டா கிடையாது. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம்புல நின்னு ஊர்ல உள்ளவன் நெஞ்செலும்பு, முட்டி எலும்பு, உடைஞ்ச தாடை எல்லாத்தையும் படம் எடுத்துக் குடுத்தேன். எனக்குன்னு, எனக்கே எனக்குன்னு, ஒரு படம் எடுக்கணும். அவ்வளவுதான் கேக்கேன். பெரிய ஆசையா இது?

வந்துருச்சு. கிழக்கால கம்பத்து ஓரத்துல ஒரு மங்கல், வெறுங்கண்ணுக்கே தெரியுது, நட்சத்திரத்தை யாரோ விரலால தேய்ச்சு விட்டாப்ல. வா ராசாத்தி வா. ஃபோகஸ் பாத்தாச்சு. ஒயர்ப் பட்டனைக் கையில எடு. முப்பது செகண்டு ஒரு படம். மூச்சை நல்லா இழுங்க. அப்படியே அடக்குங்க. அசையக் கூடாது. அட கிறுக்கி, யாருக்குச் சொல்லுத? ஒரு கோடி நட்சத்திரத்துக்கா? பழக்கம் விடல. வாய் சொல்லுது, நெஞ்சு தானா அடங்குது, பட்டனை அமுக்கின உடனே நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். ஆஸ்பத்திரியிலன்னா ஒரு செகண்டு, அதுலயும் பாதி. இங்க முப்பது. இருபத்திரண்டு, இருபத்திமூணு, கண்ணு பிதுங்குது, இருபத்தொன்பது, முப்பது. மூச்சு விடுங்க. ஹா. இதுக்கு மூச்சுப் பிடிக்க வேண்டியதே இல்ல, எனக்கும் தெரியும், டெலஸ்கோப்பு தனியா அதுபாட்டுக்குக் காங்கிரீட்டு மேல நிக்குது, நான் பெருமூச்சு விட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மூச்சை விட்டுக்கிட்டே படம் எடுத்தா எனக்குப் படம் எடுத்தாப்லயே இருக்காது. கொசு ஒண்ணு முழங்கையில உக்காந்துருக்கு. குடி. அடிச்சா ஆடும். நல்லாக் குடிச்சுக்க, இன்னைக்கு விருந்து.

ஸ்கிரீன்ல ரெண்டு செகண்டு தெரிஞ்சுட்டு மறைஞ்சிருச்சு. யம்மா. யம்மாடி. பாத்தேனா இல்லையா? கண்ணு கூசக் கூடாதுன்னு ஸ்கிரீனுக்கு மேல செவப்புக் கண்ணாடித்தாளு ஒட்டி வச்சிருக்கேன், மிட்டாய் சுத்தி வருமே அந்தத் தாளு, அதனால எல்லாமே செவப்பாத்தான் தெரியும், இருந்தாலும் பாத்தேன். ஓரத்துல ஒண்ணு ஒண்ணாத் தனித்தனிப் பொட்டு. உள்ள போகப் போக நெருங்கி, நெருங்கி, நடுவுல அடர்த்தியா, ஆனா அங்கயும் பொட்டுப் பொட்டாத்தான், குழையல, தீத்தலா இழுபடல. ரவையைத் தட்டுல கொட்டி நடுவுல குவிச்சாப்ல. மூணு வருஷமா குழைஞ்ச உப்புமாவாவே வந்துக்கிட்டு இருந்தது, இன்னைக்கு உதிரி உதிரியா. ரெண்டாவது எடு. மூச்சை இழுங்க. அது எங்கயோ பதினேழாயிரம் வருஷம் முன்னால கிளம்பின வெளிச்சம், அப்ப இந்த ஊரு இல்ல, தாமிரவருணிக்குப் பேரு இல்ல, எங்க வீட்டுக்காரவிய இல்ல, அவிய கிண்டலும் இல்ல. அவ்வளவு தூரம் வந்து கடைசி அம்பதடியில அண்ணாச்சி வீட்டுத் தகரத்துல முட்டி நிக்கணுமா? கேக்கேன். யாரைக் கேக்க? மூச்சு விடுங்க. மூணு. நாலு. மேலவீட்டுல கருவாடு வறுக்காவ, மணம் காத்துல சும்மா வந்து ஆளைத் தூக்குது, பசிக்குது, இட்லி சட்டியில இருக்கு, இருக்கட்டும். எனக்கு அம்பத்தொன்பது வயசு, பின்கட்டுல இருட்டுல நின்னு பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். யாராவது பாத்தா மந்திரிச்சு விடுவாங்க.

பதினொண்ணு. மேற்கால மலைப்பக்கம் ஒரு கருப்பு ஏறுதோ? மேகமா? நட்சத்திரம் அங்க ரெண்டு குறையுத மாதிரி இருக்கு. பாக்காத. பாத்தா வந்துரும். மூச்சை இழுங்க. இந்தப் பொட்டுப் பொட்டு வெள்ளையைப் பாத்தா சந்தோசத்துக்கு அடியில ஏதோ ஒண்ணு நெருடுது, என்னன்னு எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கேன். நெஞ்சுப் படத்துலயும் இப்படி வரும். ரெண்டு நுரையீரலும் நிறைய, சிந்தின தினை மாதிரி, ஒண்ணு போல பொடிப்பொடியா. டிபி உடம்பு முழுக்கப் பரவினா அப்படி. லில்லிபாய்னு ஒரு பொண்ணு, பீடிக்கடைக்காரர் மக, கல்யாணம் நிச்சயமாகி இருந்தது, இருமல்னு வந்தா. ஈரப் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்ச உடனே நான் பாத்துட்டேன். உலகத்துல முதல்ல பாத்தது நான்தான். வெளிய வந்தா, அவ துப்பட்டாவைச் சரிபண்ணிக்கிட்டே, "நல்லா வந்துருக்கா அக்கா"ன்னு கேட்டா. படம் நல்லாத்தான் வந்துருந்தது. "டாக்டர் சொல்லுவாரு, போயிட்டு வாம்மா"ன்னேன். அதுதான் சட்டம். நாங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. மூஞ்சியில கூடக் காட்டக் கூடாது. முப்பத்தோரு வருஷம் இந்த மூஞ்சியைக் கட்டிப் போட்டு வச்சிருந்தேன், உள்ள நடுங்கும், வெளிய "அடுத்தவங்க வாங்க". அவளுக்கு மாத்திரை குடுத்து குணமாயிட்டா, ரெண்டு பிள்ள இருக்கு, போன கிறிஸ்மஸ்ல கூடக் கடைத்தெருவுல பாத்தேன், குண்டாயிட்டா. ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் எனக்குள்ள குணமாகல. பதினாலு. மூச்சு விடுங்க. சரி, இதைப் பாரு, நல்லாப் பாரு. இந்தப் படத்துல யாருக்கும் ஒரு நோயும் கிடையாது. ஒரு கோடி வெள்ளைப் பொட்டு, ஒண்ணு கூடக் கெட்டது இல்ல. கர்த்தாவே, இப்படியும் ஒரு படம் உண்டா. கண்ணுல தண்ணி வருது. கொசு மட்டும் விடாமக் குடிச்சுக்கிட்டே இருக்கு.

இருபது. இருபத்தொண்ணு. அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னன்னு சொல்லுவ? "நீங்க ரூம்பு கட்டாதிய, எனக்கு நட்சத்திரம் மறைக்குது"ன்னா? அண்ணாச்சி பொஞ்சாதி மைனிக்குக் கீழ் வீட்டுல காத்து இல்ல, வெந்து போறாவ. மேல காத்தாட ஒரு ரூம்பு போட்டுக் குடுங்கன்னு நாலு வருஷமாக் கேட்டு இப்பத்தான் நடக்குது. அண்ணாச்சியும் தங்கமான ஆளு. சபையில கமிட்டி மெம்பர், ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை பிடிக்குதவிய, ஒரு சுடுசொல்லு வராது. அவியகிட்டப் போய் வானத்தைப் பத்திப் பேசினா, "ஆமாம்மா, வானங்கள் தேவனுடைய மகிமையை"ன்னு ஆரம்பிச்சு ஜெபத்துல கொண்டு விட்டுருவாவ. மூணு வாரமா அந்தக் கம்பம் ஒண்ணு ஒண்ணா நடும்போது நான் துணி காயப்போட்டுக்கிட்டே பாத்துக்கிட்டு நின்னேன், வாயைத் திறக்கல. மூஞ்சியைக் கட்டிப் போட்டுப் பழகின கழுதை. போகட்டும். அதான் படம் வந்துருச்சே. முப்பது. முப்பத்தொண்ணு. மேகம் வரல, வெறும் பயம். முப்பத்தஞ்சு. இன்னைக்கு எனக்குத்தான் நல்ல நாள், மணி எட்டு பதினாலு, இன்னும் பதினெட்டு நிமிஷம் கிடக்கு, முதல் படத்தை ஒருவாட்டி ஆசைதீரப் பாத்துட்டு மிச்சத்தை எடுப்போம். பாக்குத பட்டன் எங்க, இது, அமுக்கு.

படம் இல்லை. என்ன படம் இல்லை? திரும்ப அமுக்கு. படம் இல்லை. செவப்புத்தாளைப் பிய்ச்சு எறி. எறிஞ்சாச்சு. மூலையில செவப்பு எழுத்து மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. கார்டு இல்லை. அடப் பாவி. அடப் பாவி மட்டை. செவப்புத்தாளுக்கு அடியில எல்லா எழுத்தும் செவப்பு, இந்தச் செவப்பு எங்க தனியாத் தெரியப் போகுது? படத்தைச் சேத்து வைக்குத கார்டு போடுத குழி காலி, விரலை விட்டுப் பாக்கேன், வழுவழுன்னு காலி. முப்பத்தஞ்சு படமும் ரெண்டு ரெண்டு செகண்டு மினுங்கிட்டுக் காத்தோட போயிருச்சு. முப்பத்தஞ்சு தடவை மூச்சைப் பிடிச்சேனே. வேலையில சேந்த முத வாரம் இதே கூத்து பண்ணியிருக்கேன், கேசட்டுப் பெட்டியில ஃபிலிம் போடாமலே ஒரு தாத்தாவை நிக்க வச்சு, இழுங்க அடக்குங்க விடுங்கன்னு எல்லா மந்திரமும் சொல்லி, அவரு கும்பிட்டுட்டுப் போனாரு, இருட்டறையில தொறந்தா வெறும் பெட்டி. திரும்பக் கூட்டிட்டு வந்து நிக்க வச்சப்ப, "தாயி, முதல்ல எடுத்தது எனக்குள்ளயே தங்கிருச்சா"ன்னு கேட்டாரு. அப்ப அழுதேன். இப்ப அழ நேரமில்ல. கார்டு எங்க? எங்க வச்ச? ஞாயித்துக்கிழமை. அவிய தங்கச்சி வந்திருந்தா. அவளுக்கு எங்க மக கல்யாண போட்டோவை டிவியில காட்டணும்னு அவியதான் உருவிட்டுப் போனாவ!

"என்னங்க! ஏங்க! கார்டு எங்க?" ஓடு, வாழை மரத்துல இடிக்காத, இடிச்சிட்டேன், படி, செருப்போட வீட்டுக்குள்ள, இருக்கட்டும். நாற்காலியில சாஞ்சு செய்தி பாத்துக்கிட்டு இருக்காவ, மகாராசர். "எந்தக் கார்டு? ரேஷன் கார்டா?" என்னைக் கொல்லணும்னே பேசுதாவ. "கேமரா கார்டுங்க! டிவியில போட்டியளே!" "அதுவா, அது அன்னைக்கே எடுத்துப் பத்திரமா வச்சேனே." பத்திரமா. இந்த வீட்டுல ஒரு பொருள் தொலையணும்னா அவிய அதைப் பத்திரமா வைக்கணும். அலமாரி, மருந்து டப்பா, பைபிள் உறை, சட்டைப்பை. எட்டு பத்தொன்பது. "என்ன சுகிர்தம், இவ்வளவு பதட்டம், வயித்தைக் கலக்குதா?" "சாமி சத்தியமா இப்ப விளையாடாதீங்க. இன்னைக்கு ஒருநாள்தான். நாளைக்குத் தகரம் ஏறிரும். அப்புறம் எனக்கு அது இல்ல." அவிய எழுந்துட்டாவ. டிவியை அணைச்சுட்டு, மண்டியிட்டுச் சோபாவுக்கு அடியில கையை விடுதாவ, முட்டி சொடக்கு போடுது, கண்ணாடிப்பெட்டி மேல, ஜன்னல் திண்டுல, கடைசியில எங்க இருந்தது தெரியுமா, சர்க்கரை மாத்திரை டப்பாவுல. "தினமும் தொறக்குத டப்பா, மறக்காதுன்னு வச்சேன்"னு சொல்லுதாவ. மறந்து மூணு நாளா மாத்திரையே போடல, அது அப்பத்தான் தெரியுது. அந்தத் திட்டைப் பொறவு வச்சுக்கிடலாம். எட்டு இருபத்துநாலு. "ஓடு, ஓடு, நான் லைட்டை அணைக்கேன்"னு சொல்லி வீட்டு லைட்டு எல்லாத்தையும் அவியளே அணைச்சாவ. முப்பத்தஞ்சு வருஷக் குடித்தனத்துல இப்படி ஒரு வேகம் நான் பாத்ததில்ல.

உள்ள தள்ளு, கிளிக். செவப்பு எழுத்து போயிருச்சு. கொத்து எங்க, இருக்கு, மேற்கால கம்பத்துக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு, பட்டன், மூச்சை இழுங்க, அடக்குங்க. என்ன வெளிச்சம் அது? ஐயையோ. அண்ணாச்சி மொட்டை மாடியில செல்போன் வெளிச்சம் ஆடுது. ஆளு. அந்த அஞ்சடி இடைவெளிக்குள்ள, சரியா நடுவுல, ஏணி மேல ரெண்டு படி ஏறி ஒரு ஆளு நிக்காரு, தலைக்குப் பின்னால என்னோட ஒரு கோடி நட்சத்திரம். கையில உருண்டையா என்னத்தையோ அணைச்சுப் பிடிச்சிருக்காரு. பூசணிக்காய். மூக்கும் முழியும் மீசையும் வரைஞ்ச திருஷ்டிப் பூசணிக்காய்! சபைக் கமிட்டி மெம்பரு! இருட்டுன பொறவு யாருக்கும் தெரியாம உச்சியில கட்டி விடலாம்னு ஏறியிருக்காவ. போன வருஷம் பாஸ்டர் பிரசங்கத்துல இதைத்தான் நாப்பது நிமிஷம் திட்டினாவ, இவியதான் முன்வரிசையில தலையாட்டினாவ. எனக்குச் சிரிப்பு, அழுகை, ஆத்திரம் மூணும் ஒண்ணா வருது. எட்டு இருபத்தாறு. சொல்லாம விடுவியா? மூஞ்சியைக் கட்டிப் போட்டு நிப்பியா? "அண்ணாச்சி! அந்த இடத்தை விட்டு இறங்குங்க!" பூசணிக்காய் கையில ஒரு குதி குதிச்சுது. "யாரு? சுகிர்தமா? நான்தாம்மா! சத்தம் போடாத! பாஸ்டர் வீடு பக்கத்துல!" "உங்க தலைக்குப் பின்னால எனக்கு ஒண்ணு வேணும் அண்ணாச்சி! இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கும்! நாளைக்கு உங்க தகரம் அதை மறைச்சிரும்! மூணு வாரமாச் சொல்லணும்னு சொல்லாம இருந்தேன்! இறங்கிக் கீழ உக்காருங்க! லைட்டை அணைங்க! அசையாதீங்க!" எங்க இருந்து வந்துச்சோ அந்தக் குரலு, ஆஸ்பத்திரிக் குரலு, நெஞ்சை நிமித்துங்கன்னா ஊரே நிமிந்து நிக்குத குரலு. அண்ணாச்சி சொன்ன உடனே இறங்கி, லைட்டை அணைச்சு, பூசணிக்காயை மடியில வச்சுக் குத்துக்காலிட்டு உக்காந்துட்டாவ. வானம் திறந்துருச்சு. "மூச்சை நல்லா இழுங்க, அடக்குங்க!" பட்டன். முப்பது செகண்டு ஊரே நிசப்தம். கருவாட்டுச் சட்டி கூடச் சத்தம் போடல. முப்பது. "மூச்சு விடுங்க!" மேல இருந்து புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு இறங்குது. கடவுளே, மாடியில அவியளும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. பின்னால திரும்பிப் பாத்தா வாசப்படியில எங்க வீட்டுக்காரவிய, கன்னம் ரெண்டும் உப்ப, அவியளும்.

ஏழு படம். எட்டு முப்பத்திரண்டுக்கு மேற்கால கம்பத்துக்குப் பின்னால போயிருச்சு, சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிஷம் பிசகல. முதல் படத்துல செல்போன் வெளிச்சம் விழுந்து வெள்ளையா இருக்கு, மிச்சம் ஆறு. ஆறு போதும். இப்ப கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கேன், ஆறையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஏத்தியாச்சு. அண்ணாச்சி பூசணிக்காயோட வந்துட்டாவ, அதை எங்க வைக்கன்னு தெரியாம சோபாவுல பக்கத்துல உக்கார வச்சிருக்காவ, அதுவும் மீசையோட படத்தையே பாக்குது. பெருசாக்கு. இன்னும். யம்மாடி. நடுவுல வரைக்கும், கடைசி வரைக்கும், தனித்தனியா. மஞ்சள் இருக்கு, ஆரஞ்சு இருக்கு, நீலம் கூட ஒண்ணு ரெண்டு இருக்கு, நான் செவப்புத்தாளுக்கு அடியில பாத்தது ஒண்ணுமே இல்ல. அப்புறம் அண்ணாச்சி மெதுவா, "இதுவா எங்க வீட்டுக்கு மேல இருந்துச்சு? இத்தனை வருஷமா?"ன்னு கேட்டாவ. "ஆமா அண்ணாச்சி." "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா? தகரத்தை வேணா நாளைக்கு நிறுத்திப் போடவா? தாழ இறக்கிப் போட முடியுமான்னு கேக்கேன்." அந்த மனுசன் நெசமாத்தான் கேக்காவ. "வேண்டாம் அண்ணாச்சி. நீங்க தகரத்தை ஏத்துங்க. மைனி பாவம் வெந்து போறாவ. எனக்கு இது போதும்"னு சொன்னேன், சொல்லும்போதுதான் அது முழு உண்மைன்னு எனக்கே தெரிஞ்சது. "பூசணிக்காயை மட்டும் கட்டாதிய, பாஸ்டர் நாளைக்கு மட்டனுக்கு வாராவ." எங்க வீட்டுக்காரவிய சிரிச்ச சிரிப்புல மாத்திரை தண்ணி புரைக்கேறிருச்சு.

சேமிக்கணும். என்ன பேர்ல சேமிக்கணும்னு கேக்குது, கட்டம் ஒண்ணு திறந்து வெறுமையா நிக்குது. கை தன்னால ஆரம்பிச்சிருச்சு, எக்ஸ்ரே படத்து மூலையில எழுதி எழுதிப் பழகின கை. பெயர், ஒமேகா செண்டாரி. வயது, ஆயிரத்து இருநூறு கோடி. ஆணா பெண்ணா, தெரியல, விட்டுட்டேன். தேதி, ஜூன் பத்து. அனுப்பிய டாக்டர், யாரும் இல்ல. அவ்வளவுதான் அந்த மூலையில எழுதுவோம், நோயாளி பேரு, வயசு, ஆணா பெண்ணா, தேதி, அனுப்பின டாக்டர் பேரு. லட்சம் படம் எடுத்திருப்பேன், எடுத்தவ பேரு எழுத அதுல இடமே கிடையாது, ஒருத்தரும் கேட்டதும் இல்ல, நானும் கேட்டதில்ல. ரெண்டு பேரும் தோளுக்குப் பின்னால நின்னு பாக்காவ, கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும். கீழ இன்னொரு வரி போடுதேன், எடுத்தது சுகிர்தம்.